புகுந்த வீட்டு அலர்ஜி

1. கத்தரிக்காயும் சிவப்புப் பேனாவும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் நோயாளியிடமே தோற்றேன். செராமிக் யூனிட்டில் சூளைக்குத் தட்டு அடுக்குகிறவர், இருமலோடு வந்திருந்தார். எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். மனிதர் சந்தோஷமாக ஆரம்பித்தார். கசப்பு மாத்திரை ஆகாது, பெரிய மாத்திரை தொண்டையில் நிற்கும், டானிக் என்றால் குமட்டும், ஊசி என்றால் தலை சுற்றும், அப்புறம் கத்தரிக்காய். நானும் ஒன்று விடாமல் சிவப்புப் பேனாவால் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்மா வசந்தா, இவருக்கு நான் இப்ப என்னத்தக் குடுக்குறது? ஆசீர்வாதமா?"

அன்றிலிருந்து முப்பத்து நான்கு வருடம் அதே மேஜை. விருத்தாசலத்தில் ஒரு சின்னத் தனியார் கிளினிக். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, கடைசியாக அந்த அலர்ஜிக் கேள்வியைக் கேட்பது என் வேலை. ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சீட்டின் மூலையில் சிவப்பில் எழுத வேண்டும். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எனக்குத் திமிர் அதிகம். கண் இமைக்கும் நேரத்தில் ஆளை எடை போட்டு, எது நிஜ அலர்ஜி, எது சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போட்டதால் வந்த வயிற்று எரிச்சல் என்று பிரித்துவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொன்னதில் தப்பில்லை.

நர்ஸிங் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வருகிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் திமிர் எங்கே, எப்படி உடைந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு உபயோகப்படும்.

2. பூங்காவனத்தக்காவின் பங்கு

பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு, அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தார். சின்ன டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் படிப்பு பெரிய படிப்பு. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். தப்பு செய்தால் மட்டும் "சிஸ்டர்" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எழுதிய சீட்டை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

அவர் வந்த புதிதில் பூங்காவனத்தக்கா பிரஷர் பார்க்க வந்தார். திட்டக்குடி போகிற வழியில் ஒரு கிராமம், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பேச ஆரம்பித்தால் எனக்கே இடம் கொடுக்க மாட்டார், அப்படிப்பட்ட ஆள். அவர் சீட்டில் நானே எப்போதோ சிவப்பில் "சல்ஃபா ஆகாது" என்று எழுதி வைத்திருந்தேன். சல்ஃபா என்பது பழைய ஆன்டிபயாடிக் வகை. சின்ன டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, போட்டதும் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"நான் எங்கம்மா போட்டேன்? எங்க வகையறாவுக்கே ஆவாது" என்றார் அக்கா, பெருமையாக.

கதையைச் சொன்னார். அவருடைய மாமனார் சின்ன வயதில், குலதெய்வத்துக்குக் காப்புக் கட்டியிருந்த நேரத்தில் இந்த மாத்திரையைப் போட்டுவிட்டாராம். பத்தாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம், வாயெல்லாம் புண், தோல் துணி மாதிரி உரிந்து வந்ததாம். பிழைத்ததே பெரிய பாடு. பிறகு அவருடைய சின்ன மகன், அதாவது அக்காவின் கொழுந்தனார், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அதே மாத்திரையைப் போட்டு அதே கதி. அவருக்கு ஒரு கண்ணில் இன்னும் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. சாமி குத்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தச் சாமியைக் கும்பிடுகிற யாரும் சல்ஃபாவைத் தொடுவதில்லை. மருமகளாக வந்தவர்களும்தான், ஏனென்றால் தாலி ஏறிய அன்றே அந்தச் சாமி அவர்களுக்கும் சாமியாகிவிட்டது.

சின்ன டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாமனார் கதையையும் கொழுந்தனார் கதையையும் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம் எங்கள் இருவருக்கும் சேர்த்தே விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு அடையாள அட்டை மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்கு ஹெச்.எல்.ஏ. என்று பெயர். ஆளுக்கு ஆள் அதில் வகை மாறும். சில வகை அட்டையில் சில மருந்து போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது உடம்பின் காவல்காரர்கள் யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று நினைத்து, சொந்தத் தோலையே அடித்து உரித்துவிடுவார்கள். அட்டை அப்படி இருக்கிற எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. யாருக்கோ லேசாகத் தடிப்பு வந்ததற்காகக் குடும்பமே ஒரு மருந்தைத் தள்ளி வைக்கவும் தேவையில்லை. ஆனால் ரத்த சம்பந்தத்தில் இரண்டு பேருக்குத் தோல் உரிந்திருக்கிறது என்றால், அந்த மருந்தை வைத்து விளையாடக் கூடாது.

"அந்த அட்டைய பாதி அம்மா குடுக்குறாங்க, பாதி அப்பா குடுக்குறாங்க. மாமியாரு குடுக்குறதில்லைம்மா" என்று முடித்தார். அக்காவின் சீட்டில் இருப்பதை அடித்துவிடச் சொன்னார்.

நான் அடித்தேன். பூங்காவனத்தக்காவின் முகம் சுருங்கிப் போனது.

"முப்பது வருசமா அந்த வூட்டுல வெளக்கேத்துறேன். அலர்ஜியில மட்டும் எனக்குப் பங்கு கெடையாதா?" என்று கேட்டார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது மாத்திரை விஷயமாகவே படவில்லை, வீட்டை விட்டு விலக்கி வைத்ததாகவே பட்டது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வருவார், பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் இந்தக் கதையை எங்கள் லேப் ஆட்களிடமும் எதிர் மெடிக்கல்காரரிடமும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வந்த மருமகளின் சீட்டில் அடித்தாயிற்று, கட்டிக்கொடுத்து அனுப்பிய மகள்களின் சீட்டில் எழுதினோமா என்று அப்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். சிரிக்கிற மும்முரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

3. சரோஜா சொன்ன பதில்

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று எந்த கிளினிக்கிலும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் பெயர் சரோஜா, மருமகள் கலா. சொந்த ஊர் மங்களூர். கப்பல் நிற்கிற மங்களூர் இல்லை, திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் மங்களூர். பிழைப்புக்காக விருத்தாசலத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். கலாவின் புருஷன் செராமிக் பேட்டையில் சூளை வேலை. கலா அங்கேயே இன்னொரு யூனிட்டில் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை. இருபத்து நான்கு வயது, ஒல்லி, குனிந்த தலை.

கலாவுக்கு நான்கு நாளாக நீர்க்கடுப்பு, குளிர்க்காய்ச்சல், இடுப்பில் வலி. சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நான் எடை கேட்டால் சரோஜா சொன்னார். வயது கேட்டால் சரோஜா சொன்னார். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கலாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன், அதையும் சரோஜாதான் சொன்னார். அப்புறம் என் கேள்வி. உனக்கோ குடும்பத்தில் யாருக்காவதோ எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போயிருக்கிறதா?

கலா நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் சரோஜா முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணும் கெடையாது சிஸ்டர். கல்லத் தின்னாலும் செரிக்கும்."

அவர்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தாள் என்பதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்.

உள்ளே சின்ன டாக்டரம்மாவும் கேட்டிருக்கிறார், இதுவரை உனக்கு ஏதாவது மாத்திரை ஒத்துக்காமல் போனதா என்று. இல்லை என்றாள் கலா. அது உண்மைதான். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. கல்ச்சரில் மற்ற மாத்திரைகளுக்கு அந்தக் கிருமி மசியவில்லை, சல்ஃபா வகைக்கு மட்டும் கேட்கும் என்று இருந்தது. பதினான்கு நாளுக்கு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரை அட்டையில் அச்சடித்திருப்பது வாயில் நுழையாத நீளமான ஆங்கிலப் பெயர். அதில் சல்ஃபா ஒளிந்திருப்பது எங்களுக்குத்தான் தெரியும்.

4. கண் எழுதும் மேஜை

ஒன்பதாம் நாள் பூங்காவனத்தக்கா பிரஷர் பார்க்க வந்தார். கோபமெல்லாம் எப்போதோ தணிந்திருந்தது. எங்கள் கிளினிக்குக்கு அவரால் கூட்டம் வருவதாக அவருக்கு ஒரு நினைப்பு உண்டு, அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்தனார் மகள்கூட போன வாரம் இங்கேதான் வந்தாளாம், நீர்க்கடுப்புக்கு. மங்களூர்க்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த பெண், பொம்மைக்குக் கண் எழுதுகிறாள்.

பிரஷர் கருவியின் பம்பை அழுத்திக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. கொழுந்தனார் என்றால் எந்தக் கொழுந்தனார் என்று கேட்டேன். கண்ணில் நீர் வடிகிறவர்தான் என்றார். ஓடிப்போய்க் கலாவின் சீட்டை எடுத்தேன். "கலா, கணவர் பெயர் முருகன், மங்களூர்" என்று இருந்தது. எங்கள் சீட்டில் கல்யாணமான பெண்ணுக்கு அப்பா பெயர் எழுத இடமே கிடையாது. மூலையில் என் கையெழுத்தில் "இல்லை".

"அக்கா, அவளுக்கு சல்ஃபா ஆவாதுன்னு ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

பூங்காவனத்தக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் கட்டிக்குடுத்ததோட வுட்டுப் போச்சு சிஸ்டர். இப்ப அவ மங்களூர்க்காரங்க சாமியத்தான கும்புடுறா?"

கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் இருந்தது. வந்த பெண்ணுக்கு உண்டு என்றால் போன பெண்ணுக்குக் கிடையாது. ஆனால் அந்த அடையாள அட்டைக்குக் கல்யாணம் நடந்தது தெரியாது. அப்பனுக்குத் தோல் உரித்த மருந்தை மகள் ஒன்பது நாளாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

சின்ன டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிஸ்டர், உடனே மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க" என்றார். சீட்டில் இருந்தது புருஷனின் நம்பர். அவர் சூளையில் இருந்தால் போனை வெளியில் வைத்துவிட்டுத்தான் போவார். அடித்தது, எடுக்க ஆளில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே போனதும் ஆட்டோவைக் கூப்பிட்டேன். நானும் வரேன் என்று பூங்காவனத்தக்கா ஏறிக்கொண்டார். எந்த யூனிட் என்று அவருக்குத்தான் தெரியும், அதனால் நல்லதாகப் போயிற்று. வழியெல்லாம், சாமிதான் மாறிவிட்டதே, சாமிதான் மாறிவிட்டதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வா அக்கா என்று சொல்லிவிட்டேன். மூடிக்கொண்டார், பாவம்.

யூனிட்டில் நீளமான மேஜை, அதன்மேல் வரிசையாகக் கண் இல்லாத பொம்மைகள். கடைசியில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கலா உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில் நேரத்தில் போர்த்தியிருப்பதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. முந்தின நாளிலிருந்து மறுபடியும் காய்ச்சலாம். வாய் எரிகிறதாம், கண் உறுத்துகிறதாம். பக்கத்தில் சூளை இருப்பதால் உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். கழுத்திலும் மார்பிலும் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ ஏதோ சொல்ல வந்தியேம்மா, என்னா அது?" என்று கேட்டேன்.

"எங்க அப்பாவுக்கு வந்தத சொல்லலாம்னு வந்தேன். அத்தை எங்க வூட்டுலன்னு சொன்னதும், அது இப்ப என் கணக்குல வராதேன்னு வுட்டுட்டேன்" என்றாள்.

அவளை அப்படியே கிளினிக்குக்குக் கூட்டிவந்தோம். சின்ன டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார். தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின் ஸீட்டில் கலாவின் தலை என் மடியில் இருந்தது. அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. என் இரண்டு பிரசவத்திலும்கூட இல்லை.

5. யாரைக் கேட்பது

சரோஜா ஆஸ்பத்திரிக்கு வந்து போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. என்ன மாத்திரையடி கொடுத்தீர்கள் என் வீட்டுப் பெண்ணுக்கு என்று கேட்டார். சின்ன டாக்டரம்மா முன்னால் வந்து, மாத்திரை எழுதியது நான், நான் பேசுகிறேன் என்றார். நான் விடவில்லை. தப்பு என்னுடையது, இந்தப் பெண் வாயைத் திறந்ததைப் பார்த்தும் அவளைக் கேட்காமல் உங்கள் பதிலை எழுதிக்கொண்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் நீளமானவள் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தான் என்ன பதில் சொன்னோம் என்பது சரோஜாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கலா பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். முதுகிலும் கழுத்திலும் கொஞ்சம் தோல் உரிந்தது, வாய்ப் புண்ணால் ஒரு வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் எழுதுகிற பெண்ணுக்குக் கண் தப்பியது என்று கேட்டபோது பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். மாத்திரையை அன்றே நிறுத்தியதுதான் நல்லது செய்தது என்று அங்கே இருந்த டாக்டர்கள் சொன்னார்கள். நீர்க்கடுப்புக்கு வேறு வகை மருந்தை ஊசியில் ஏற்றினார்கள்.

பூங்காவனத்தக்கா பண்ணிய வேலையைச் சொல்லாவிட்டால் அவர் என்னை விட மாட்டார். அந்த வகையறாவில் கட்டிக்கொடுத்த பெண்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னை வரைக்கும் பதினோரு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். சாமி மாறினாலும் சல்ஃபா மாறாது, உங்க புள்ளைங்களுக்கும் சேத்து டாக்டர்கிட்ட சொல்லி வையுங்கடி என்று ஆறு நிமிடம். எங்கள் மேஜைக்கு முன்னால் நின்றுதான் பேசினார், பிரஷர் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அலர்ஜியில் பங்கு இல்லாத ஆளே அந்த வீட்டின் அலர்ஜித் தலைவியாகிவிட்டார்.

சின்ன டாக்டரம்மா சீட்டையே மாற்றி அச்சடித்தார். இப்போது அம்மா பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர், மூன்றுக்கும் இடம் உண்டு, எத்தனை வயதுப் பெண்ணாக இருந்தாலும். நான் கேள்வியை மாற்றினேன். குடும்பம் என்று கேட்பதை விட்டேன். உன்னைப் பெற்ற அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு, தாத்தா பாட்டிகளுக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். காய்ச்சல் வந்ததா, வாய் வெந்ததா, தோல் உரிந்ததா என்று கேட்பேன். கேட்கும்போது நோயாளியின் வாயை மட்டும் பார்ப்பேன். கூட வந்த மாமியார் பதில் சொல்ல வந்தால் அவரை எடை மிஷினில் ஏறி நிற்கச் சொல்லிவிடுவேன். எடை பார்க்கிறேன் என்றால் யாரும் மூச்சு விடமாட்டார்கள். பெண்களே, இந்த வித்தையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கற்றுக்கொண்டும் எனக்குப் புத்தி முழுசாக வரவில்லை. நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சரோஜா வந்தார். இடுப்பில் கலாவின் மகள், ஒன்றரை வயது, காது வலியில் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் கலா. குழந்தை வந்ததிலிருந்தே சரோஜா ஊர் முழுக்க, அப்படியே எங்கள் வீட்டு மூஞ்சி, எங்கள் வீட்டு மூக்கு, கலா வீட்டு ஜாடை ஒரு துளிகூடக் கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். குழந்தை அவர் இடுப்பில் இருந்ததால் நானும் பழக்கதோஷத்தில் அவரைப் பார்த்தே, புள்ளைக்கு எந்த மருந்தாவது ஆகாதா என்று கேட்டுத் தொலைத்தேன்.

சரோஜா குழந்தையைக் கலாவின் கையில் கொடுத்தார்.

"என்னைய எதுக்குக் கேக்குறீங்க சிஸ்டர்? பாதி அவ பொறந்த வூட்டு ஒடம்பு. அவளக் கேளுங்க" என்றார்.

கலா தலை நிமிர்ந்து, தன் அப்பாவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். சரோஜா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. நான் எழுதி முடிக்கும் வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.